ஒரே வன்தட்டில் இரண்டு குடித்தனம்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பள்ளிகளின் கணினி வரலாற்றில் ஒரு பக்கம்

"கேரளத்து எல்லைத் தமிழர் வரலாறு பத்தி இந்த வருஷ மலருக்கு எழுதுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, முதலில் எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. 1956 மாநிலச் சீரமைப்பு பற்றியும், தேவிகுளம் பீர்மேடு போராட்டம் பற்றியும், மார்ஷல் நேசமணி பற்றியும் என்னைவிடப் படித்தவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். நான் வெறும் கணக்கு வாத்தியார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பதினைந்து ஆண்டு, பிறகு மறையூர்ப் பக்கத்தில் ஆறு ஆண்டு, தமிழ்வழி வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். அதோடு பள்ளியின் கணினி அறைக்கும் பொறுப்பாக இருந்தவன். எனவே அந்த அறைக்குள் நடந்த வரலாற்றை மட்டும் எழுதுகிறேன். ஒரு கணினியின் வன்தட்டை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை, இரண்டு இயங்குதளங்களுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்த கதை இது. அந்தப் பாகப்பிரிவினையில் நான் செய்த பெரிய தவறு ஒன்றும் இதில் வரும்.

பாகப்பிரிவினை என்ற சொல் எங்கள் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி எல்லாம் அடங்கிய சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆனால் கொச்சியின் மற்ற நிலத்தோடு ஒட்டாமல், நாலு பக்கமும் பிரிட்டிஷ் மலபாரும் கோயம்புத்தூர் ஜில்லாவும் சூழ, தனித் தீவாகக் கிடந்தது. பக்கத்திலிருக்கும் பாலக்காடு சென்னை மாகாணத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில். 1949 ஜூலை 1 அன்று கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்தன. 1956 நவம்பர் 1 அன்று மலபாரும் சேர்ந்து கேரளம் ஆயிற்று. ஒரே நிலம், மூன்று நிர்வாகம், வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். இப்படி வாழ்ந்து பழகியவர்களுக்கு, ஒரே தட்டில் விண்டோஸும் லினக்ஸும் குடியிருப்பது ஒரு பெரிய அதிசயமாகத் தோன்றவில்லை!

கேரள அரசின் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2001இல் தொடங்கியது. பேராசிரியர் யு.ஆர்.ராவ் தலைமையிலான பணிக்குழுவின் பரிந்துரையிலிருந்து பிறந்த திட்டம் அது. அதே ஆண்டு ஜூலையில்தான் திருவனந்தபுரத்தில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையை ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து தொடங்கி வைத்தார். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல்தான். ஆனால் பின்னால் இரண்டு ஓடைகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. பாடநூல் ஒரே நிறுவனத்தின் மென்பொருளை நம்பி எழுதப்படுகிறது என்று ஆசிரியர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. 2006 ஆகஸ்டில் ஸ்டால்மன் மீண்டும் வந்து முதலமைச்சர் வி.எஸ்.அச்சுதானந்தனைச் சந்தித்தார். 2008 வாக்கில் பள்ளிகளின் ஐ.டி. பாடமும் எஸ்.எஸ்.எல்.சி. செய்முறைத் தேர்வும் முழுக்க லினக்ஸுக்கு மாறின.

இடைப்பட்ட சில ஆண்டுகள்தான் எங்களுக்கு வேடிக்கையான காலம். பள்ளிக்கு வந்த கணினிகளில் விண்டோஸ் 98 இருந்தது. பிறகு மாவட்டப் பயிற்சியில் டெபியனை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் சி.டி. கையில் கொடுத்தார்கள். பழையதை எடுக்கவும் மனமில்லை, புதியதை வைக்காமலும் இருக்க முடியாது. ஆகவே ஒரே தட்டில் இரண்டையும் வைத்தோம். சுவிட்சைப் போட்டதும் "எது வேண்டும்?" என்று கேட்கும் கருப்புத் திரையைப் பார்த்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இந்தப் பாகம் பிரிக்கும் ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1983இல் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டு வைத்த பி.சி. எக்ஸ்.டி. கணினியை வெளியிட்டது. அதனுடன் வந்த டாஸ் 2.0தான் இந்தப் பாகப் பட்டியலைக் கொண்டுவந்தது. தட்டின் முதல் 512 பைட்டில் கதவைத் திறக்கும் சிறு நிரல் ஒன்று இருக்கும், 446 பைட். அதை அடுத்து 64 பைட்டில் நான்கு வரிப் பட்டியல். ஒவ்வொரு வரியும் ஒரு பாகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், யாருடையது என்று சொல்லும். கடைசி இரண்டு பைட் முத்திரை. மொத்தக் கிரயப் பத்திரமே அவ்வளவுதான். நான்கு வரி வைத்ததற்குக் காரணம், ஒரு தட்டை நான்கு இயங்குதளங்கள் பகிர்ந்துகொள்ளட்டும் என்பதே. அதாவது, ஒரு வீட்டில் பல குடித்தனம் என்பது கணினிக்குப் பின்னால் ஒட்டவைத்த யோசனை அல்ல, தொடக்கத்திலேயே இருந்தது. இடையில் வந்த குடித்தனக்காரர் ஒருவர் வீடு முழுவதும் தனக்கே என்று நடந்துகொண்டது வேறு விஷயம்!

நான்கு பாகம் போதாமல் போனபோது, ஒரு பாகத்தை ‘நீட்டித்த பாகம்’ ஆக்கி, அதற்குள் எத்தனை வேண்டுமானாலும் உள்பாகம் பிரிக்க வழி செய்தார்கள். லினக்ஸ் இவற்றுக்கு எண் கொடுக்கும். முதன்மைப் பாகங்களுக்கு 1 முதல் 4 வரை. உள்பாகங்களுக்கு எப்போதும் 5 முதல். விண்டோஸோ எண்ணே சொல்லாது, சி, டி, ஈ என்று எழுத்துதான் சொல்லும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் நான் இதை ‘பாத்தி’ என்றே சொல்லிக் கொடுத்தேன். எங்கள் பிள்ளைகள் கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகள். "வரப்பு வெட்டாம ரெண்டு பயிர் வெச்சா என்னடா ஆகும்?" என்றால், "தண்ணி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருங்க சார்" என்று பட்டென்று சொல்வார்கள். பாத்திக்குள் மண்ணைப் பண்படுத்தும் முறைதான் கோப்பு முறைமை என்று சொன்னால் அதுவும் விளங்கிவிடும். விண்டோஸ் 98 பண்படுத்துவது ‘ஃபேட் 32’ என்ற முறையில். லினக்ஸின் முறை ‘எக்ஸ்ட் 3’. லினக்ஸுக்கு ஃபேட் தெரியும், விண்டோஸுக்கு எக்ஸ்ட் தெரியாது. தெரியாததைக் காலியிடம் என்று நினைத்து, "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கிற விண்டோஸ் பதிப்புகளும் உண்டு. ஆம் என்று பிள்ளைகள் யாரும் சொல்லிவிடாமல் காவல் காப்பதே என் பாதி வேலை. இரு பக்கத்துக்கும் பொதுவாக ஃபேட் 32 பாகம் ஒன்று வைத்து, அதற்குத் ‘திண்ணை’ என்று பெயர் கொடுத்திருந்தோம். லினக்ஸிலிருந்து என்.டி.எஃப்.எஸ். முறையில் நம்பிக்கையாக எழுதும் வசதி 2007இல்தான் நிலைப்பட்டது. அதுவரை திண்ணையே கதி.

அடுத்த தொல்லை கதவு. தட்டின் முதல் பைட்டுகளில் கிரப் போன்ற ஒரு வாசற்காவலன் உட்கார்ந்து, எந்தக் குடித்தனத்துக்குப் போக வேண்டும் என்று கேட்பான். விண்டோஸ் 98ஐ மீண்டும் நிறுவினால், அது யாரையும் கேட்காமல் அந்த இடத்தில் தன் ஆளை உட்கார வைத்துவிடும். லினக்ஸ் பாகம் அப்படியேதான் இருக்கும், போக வழி இருக்காது. அதனால் எங்கள் விதி: விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. கிரப்புக்கு முந்தைய லைலோ என்ற காவலன் இன்னும் பிடிவாதக்காரன். இடம் கொஞ்சம் மாறினாலும் தன் பெயரில் முதல் இரண்டு எழுத்தை மட்டும் திரையில் காட்டிவிட்டு அசையாமல் நின்றுவிடுவான்.

தமிழ் எழுத்துச் சிக்கல் தனி அத்தியாயம். மலையாளவழிப் பள்ளிகளுக்கு இல்லாத ஒரு சுமை எங்களுக்கு இருந்தது. எங்கள் ஆசிரியர்கள் வினாத்தாள் அடித்தது விண்டோஸில், கோவையிலிருந்து வாங்கிவந்த டேப், டாம் எழுத்துருக்களில். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற குறியீட்டு முறைகள் அவை. அதே கோப்பை லினக்ஸில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகள் தலையில் கொம்பும் புள்ளியுமாக வரிசையில் நிற்கும். எழுத்துருவை நகலெடுத்துப் போட்டால் படிக்கலாம். லினக்ஸில் யூனிகோடு தமிழுக்கு லோகித் எழுத்துரு 2004இல் வந்தபிறகே எங்களுக்கு மூச்சு வந்தது. தமிழக அரசே யூனிகோடை முறையாக ஏற்றது 2010இல், கோவை செம்மொழி மாநாட்டுக் காலத்தில். ஆக, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு குறியீடு, இந்தப் பக்கம் இன்னொரு குறியீடு, நடுவில் நாங்கள்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் மூத்த தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘ஐயா’. ஓய்வு நேரத்தில் வடகரப்பதி, எருத்தேன்பதி, ஒழலப்பதி என்று சைக்கிளில் சுற்றி, பாட்டிமார் பாடும் கும்மி, தாலாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவருவார். கொங்குத் தமிழும் மலையாளமும் கலந்த பாட்டுகள். கன்னடம் பேசுகிற குடும்பங்களிலிருந்து வந்த வரிகளும் உண்டு. பிறகு மாலையில் கணினி அறையில் உட்கார்ந்து, ஒரு விரலால், டேப் எழுத்துருவில் அடித்துச் சேமிப்பார். அடித்து முடித்த நோட்டை எடைக்குப் போட்டுவிடுவது அவர் வழக்கம். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுங்களே தம்பி" என்பார். இருநூறுக்கு மேற்பட்ட கோப்புகள், எல்லாம் ஒரே கணினியில், ஈ டிரைவில்.

2006 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. அந்தக் கணினியிலும் லினக்ஸ் போட வேண்டும். 40 ஜிபி தட்டு. சி 10 ஜிபி, டி 15, ஈ 15. டி காலி. லினக்ஸ் கணக்கில் சி என்பது 1, டி என்பது 5, ஈ என்பது 6. "5ஐ அழித்து லினக்ஸ்" என்று நோட்டில் எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். 5ஐ அழித்தேன், பட்டியலை எழுதச் சொன்னேன், எழுதியது. அடுத்த நிமிடம் கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது.

ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. சி.டி.யை மீண்டும் போட்டேன். பட்டியலில் 1 இருந்தது, 5 இருந்தது, கொஞ்சம் காலியிடம் இருந்தது. நோட்டைப் பார்த்தேன்: 5, லினக்ஸ். அளவு 15 ஜிபி, சரியாக இருக்கிறது. 5ஐத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்ட் 3 என்று சொல்லி, காலியிடத்தில் ஸ்வாப்புக்கு ஒரு ஜிபி வெட்டி, "ஆம்" என்று அழுத்தினேன்.

வாசகர்களில் விவரம் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பார்கள். உள்பாகங்களின் எண் நிலையானது அல்ல. அது வரிசை எண்தான். 5ஐ அழித்தால், பின்னால் இருக்கும் 6 முன்னேறி 5 ஆகிவிடும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவர் வெளியே போனால் பின்னால் நின்றவர் அந்த இடத்துக்கு வருவது போல. மின்சாரம் போகாமல் இருந்திருந்தாலும் இந்த ஆபத்து இருந்தது. மின்சாரம் போனதால், நான் முன்பே அழித்துவிட்டேன் என்பதே என் நினைவில் நிற்கவில்லை. 14 ஜிபி காலியிடம் திரையில் மிச்சம் நின்றது. அது ஏன் நிற்கிறது என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. கணக்கு வாத்தியார் வேறு!

திங்கட்கிழமை காலை ஐயா வந்து சொன்னார்: "ஏனுங்க தம்பி, ஈ டிரைவுல என்ற ஃபோல்டரக் காணோமுங்களே." ஈ டிரைவே காணோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றே அந்தத் தட்டைக் கழற்றி, வேறு கணினியில் இரண்டாவது தட்டாக மாட்டினேன். இழந்த தட்டில் மேலும் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது என்ற அளவுக்காவது அறிவு இருந்தது. பாகப் பட்டியலில் வரி மட்டும் அழிந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரல் தட்டை முழுக்கத் துழாவிப் பழைய வரியை மீட்டுத் தந்துவிடும். தரவு தொடப்படாமல் அப்படியே கிடக்கும். ஆனால் நான் அதற்கும் மேலே போய்விட்டிருந்தேன். புதுக் கோப்பு முறைமை பழைய ஃபேட் அட்டவணையின் மேலேயே எழுதிவிட்டது. லினக்ஸ் நிரல்கள் இரண்டு மூன்று ஜிபி அளவுக்குப் பாகத்தில் ஆங்காங்கே குடியேறிவிட்டன. மிச்சம் இருந்த வழி ஃபோட்டோரெக். அது அட்டவணையை நம்பாது. தட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்து, வேர்டு கோப்பு தொடங்கும் அடையாளம் எங்கெல்லாம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். துண்டு துண்டாகச் சிதறிய கோப்பு முழுதாக வராது. வந்ததற்கும் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும்.

ஓர் இரவு முழுதும் ஓடியது. நூற்றி நாற்பது சொச்சம் கோப்புகள் கிடைத்தன. அவற்றில் சில பாதி. மற்றவை போனவை போனவைதான்.

ஐயா என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "சரி விடுங்க தம்பி, மறுபடியும் போய்க் கேட்டா பாடாமயா போயிருவாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல், "அதுல மூணு பேரு இப்ப இல்லைங்க" என்றார். அதன்பிறகு ஒரு மாதம், மாலைதோறும் என் பக்கத்தில் உட்கார்ந்து, எண் மட்டும் இருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி, முதல் இரண்டு வரியைப் பார்த்ததும், "இது ஒழலப்பதிப் பாட்டி, மகன் செத்தப்பப் பாடினது" என்று சொல்லிப் பெயர் வைத்தார். சிலவற்றுக்கு அவருக்கே நினைவு வரவில்லை.

2009இல் நான் மறையூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனேன். சந்தனக் காடும், முனியறைகளும், கரும்பும் வெல்லமும் உள்ள ஊர். சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கு பஸ் பிடித்தால்தான் கணினிக்கு உதிரிபாகம் கிடைக்கும். அங்கே பள்ளிக் கணினிகள் அப்போதே தனி லினக்ஸ். ஆகவே இனி இரட்டைக் குடித்தனத் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. எங்கள் மாணவர்களுக்கு அது கிடையாது, அவர்கள் கேரளப் பள்ளிப் பிள்ளைகள். ஆனால் உடுமலையிலும் போடியிலும் படிக்கும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை கையில் இருந்தது. விடுமுறையில் மலையேறி வரும்.

வந்தவற்றில் பாதி என் மேசைக்கு வந்தது, ஒரே நோயோடு. யாரோ ஒருவர் "பாஸ் இடத்தை அடைக்குது" என்று அந்தப் பாகத்தை விண்டோஸுக்குள்ளிருந்து அழித்திருப்பார். வாசற்காவலன் கிரப் தட்டின் முதல் பைட்டுகளில் உட்கார்ந்திருந்தாலும், அவன் கணக்குப் புத்தகம் முழுதும் அந்த பாஸ் பாகத்துக்குள்தான் இருந்தது. புத்தகம் போனதும் அவன் "கிரப் ரெஸ்க்யூ" என்று புலம்பிக்கொண்டு நின்றுவிடுவான். விண்டோஸ் சி.டி. போட்டு அதன் ஆளை வாசலில் உட்கார வைத்தால் சரியாகிவிடும். கேரளப் பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி, தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. படிக்கும் தன் அண்ணன் மடிக்கணினியை இப்படிச் சரிசெய்து கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எஸ்டேட் லயத்து வீட்டுப் பிள்ளை அவள். அண்ணனுக்கு அன்று பேச்சே வரவில்லை.

அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. ஐ.டி. அட் ஸ்கூல் 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனம் ஆனது. 2018இல் ஹைடெக் வகுப்பறைகள் வந்தன. ஐ.டி. பாடநூல் மலையாளம், ஆங்கிலம், கன்னடத்தோடு தமிழிலும் வருகிறது. பழைய நான்கு வரிப் பட்டியலுக்கு 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. அதன் இடத்தில் ஜி.பி.டி. என்ற புதுப் பட்டியல் வந்துவிட்டது. வழக்கமாக 128 பாகம் வரை வைக்கலாம், தட்டின் கடைசியில் ஒரு நகலும் இருக்கும். உள்பாகம், நீட்டித்த பாகம் என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு பாகத்துக்கும் மாறாத நீண்ட அடையாளம் ஒன்று உண்டு. 2006இல் எனக்கு இது இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபின், நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே சிலர் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போடலாமா என்று என்னைக் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். விண்டோஸ் பாகத்தைச் சுருக்குவதை விண்டோஸுக்குள் இருந்தே செய்யுங்கள். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், அதன் மீட்புச் சாவியை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாகங்களை எண்ணை வைத்து அடையாளம் காணாமல், பெயரும் அளவும் தொடங்கும் இடமும் சேர்த்துப் படமாக வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு படிக்குப் பிறகும் படத்தைத் திருத்துங்கள். அதற்கெல்லாம் முன்னால், வேறொரு தட்டில் நகல் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி, பீரோவில் வையுங்கள்.

ஐயா 2014இல் காலமானார். அவர் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். பெயர் வைக்க முடியாமல் போன பதினான்கு கோப்புகள் ‘யாருடையது’ என்ற அடைவில் இருக்கின்றன. எட்டு ஒப்பாரி, நான்கு தாலாட்டு, இரண்டு கும்மி. நம் சங்கத்தில் சித்தூர் தாலுகாவிலிருந்து வந்த குடும்பங்கள் சில உண்டு என்று அறிகிறேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், மாதக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். நான் மடிக்கணினியோடு வருகிறேன். முதல் இரண்டு வரியைப் படித்துக் காட்டினால் போதும். பாடியவர் யார், எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரிந்தாலும் தெரியும்.